குறும்பா? குறைபாடா?
வயதோடு உருமாறும் கவனக்குறைவு பற்றிச் சில செய்திகள்

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்தனர். ஐந்தாம் திங்களில் ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் திங்களில் இரு கைகளையும் சேர்த்துத் தட்டுவது சப்பாணி. ஓராண்டு நிறையும் வேளையில் தளர்நடையிட்டு வருவது வாரானை. பின்னர், ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்றொரு பருவம் வருகின்றது. சிறுமியர் மணலில் கட்டிய சிறு வீட்டைப் பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன் ஓடி வந்து காலால் சிதைக்க முற்படுவான். வேண்டாம் என்று அவர்கள் வேண்டி நிற்பர். புலவர்கள் இதைக் குற்றமாகப் பாடவில்லை. அந்த வயதுக்கு உரிய குறும்பாகவே கண்டு மகிழ்ந்தனர். வளர்ந்த ஒருவன் அதையே செய்தால் ஊரார் மகிழமாட்டார்கள். செயல் ஒன்றுதான், வயது மாறும்போது அதன் பொருள் மாறிவிடுகின்றது.

இம்மலரில் நாம் எடுத்துக்கொண்ட பொருள் மருத்துவத்தைச் சேர்ந்தது. ஆயினும் அதன் அளவுகோல் நம் புலவர்களின் அளவுகோலை ஒத்ததே. ஏ.டி.எச்.டி. என்று சுருக்கமாக வழங்கப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு பற்றி நம் பெற்றோரிடையே இன்று பேச்சு மிகுந்துள்ளது. ஒரு சாரார், "ஆண் பிள்ளை என்றால் அப்படித்தான் இருப்பான், வளர்ந்தால் சரியாகிவிடும்" என்கின்றனர். மற்றொரு சாரார், இரண்டரை வயதுக் குழந்தை சோபாவிலிருந்து நான்கு முறை குதித்தவுடன் கைப்பேசியில் நோயின் பெயரைத் தேடத் தொடங்குகின்றனர். "எந்த வயதில்?" என்ற கேள்வியை இரு சாராருமே கேட்க மறந்துவிடுகின்றனர்.

விதி என்ன சொல்கின்றது?

முதலில் மருத்துவர்களின் விதியைத் தெரிந்துகொள்வோம். உலகெங்கும் பெரிதும் பின்பற்றப்படும் நூல், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேடு ஆகும். அது அறிகுறிகளை இரு தொகுதிகளாகப் பிரிக்கின்றது. முதல் தொகுதி கவனக்குறைவு: பாடத்தில் சிறு பிழைகள் விடுதல், பேசும்போது செவி கொடுக்காதது போலிருத்தல், தொடங்கிய வேலையை முடிக்காமை, பொருள்களைத் தொலைத்தல், மறதி முதலிய ஒன்பது. இரண்டாம் தொகுதி மிகையியக்கமும் பொறுமையின்மையும்: இருக்கையில் நெளிதல், எழுந்து ஓடுதல், ஓயாது பேசுதல், கேள்வி முடியுமுன் விடை கூறுதல், தன் முறை வரும்வரை காத்திராமை முதலிய ஒன்பது. இவற்றில் ஒரு தொகுதியிலேனும் ஆறு அறிகுறிகள், ஆறு மாதங்களுக்குக் குறையாமல், வீடு, பள்ளி போன்ற இரு இடங்களிலேனும் காணப்பட வேண்டும். படிப்புக்கோ பழக்கவழக்கத்துக்கோ அவற்றால் இடையூறு நேர்ந்திருக்கவும் வேண்டும்.

இதில் ஒரு நிபந்தனையை நாம் கோடிட்டு வைத்துக்கொள்ளலாம். அறிகுறிகள் அந்தப் பிள்ளையின் வளர்ச்சி நிலைக்குப் பொருந்தாத அளவில் இருக்க வேண்டும். அதாவது, ஆறு வயதுச் சிறுவனை ஆறு வயதுச் சிறுவர்களோடு ஒப்பிட வேண்டுமே தவிர, அவனுடைய பத்து வயது அக்காளோடு ஒப்பிடுதல் கூடாது. நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இரண்டாவது வகை ஒப்பீடே.

வயது பற்றிய வேறு இரு விதிகளும் உண்டு. பதினேழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆறுக்குப் பதிலாக ஐந்து அறிகுறிகள் போதும். மேலும், எந்த வயதில் மருத்துவரிடம் வந்தாலும், அறிகுறிகளில் சில பன்னிரண்டு வயதுக்கு முன்னரே தோன்றியிருக்க வேண்டும். 1994-இல் வெளிவந்த முந்தைய பதிப்பில் இந்த எல்லை ஏழு வயதாக இருந்தது. ஓடியாடும் பிள்ளை ஏழு வயதுக்குள் எவர் கண்ணிலும் பட்டுவிடும். ஓசையின்றிக் கனவில் மூழ்கியிருக்கும் பிள்ளையோ, பாடச் சுமை ஏறிய பின்னரே வெளிப்படும். எல்லையைத் தள்ளி வைத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இந்நோய் மேலை நாட்டார் அண்மையில் கண்டுபிடித்த புதுமை என்று கருதுவோரும் உளர். 1798-ஆம் ஆண்டிலேயே அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் நிலைகொள்ளாத கவனத்தைப் பற்றி எழுதியிருக்கின்றார். 1902-இல் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் லண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளும் புகழ்பெற்றவை. நெடுங்காலம் இது சிறுவர்க்கு மட்டுமே உரியது என்று எண்ணினர். 1968-ஆம் ஆண்டு அமெரிக்கக் கையேட்டில் இந்நோயின் பெயரிலேயே குழந்தைப்பருவம் என்ற சொல் இடம்பெற்றிருந்தது. 1980-இல் பெயர் மாறி, கவனக்குறைவு முதலிடம் பெற்றது.

பள்ளிக்கு முந்திய பருவம்

மூன்று முதல் ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளும் ஓடும். இந்த வயதில் ஓட்டத்தை மட்டும் வைத்து எதையும் கூற இயலாது. ஷரஃபியாவில் வாழும் நாம் இதோடு இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். ஊரில் இக்குழந்தைக்குத் திண்ணை உண்டு, முற்றம் உண்டு, கோயில் வாசலும் பள்ளிவாசல் திடலும் உண்டு, துரத்திப் பிடிக்க அண்டை வீட்டுப் பிள்ளைகள் உண்டு. இங்கோ நான்காம் மாடியில் இரண்டு அறை ஃபிளாட். வெளியே நாற்பது பாகை வெயில். வெள்ளி மாலையில் கார்னிஷ் கடற்கரைக்குப் போனால்தான் கால் நிலத்தில் படுகின்றது. அங்கே குழந்தை கட்டவிழ்ந்த கன்றாக ஓடுவது நோயாகாது. ஆறு நாள் அடைத்து வைத்த ஓட்டம் அது.

அப்படியாயின் எப்போது கவலைப்படலாம்? அதே வயதுக் குழந்தைகள் பத்து நிமிடம் அமர்ந்து கதை கேட்கும் இடத்தில், ஒரு குழந்தையால் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம்கூட இயலவில்லை; சாலையில் கையை உதறிக்கொண்டு ஓடி அடிக்கடி ஆபத்தில் சிக்குகின்றது; மழலையர் வகுப்பு ஆசிரியை, ஒருமுறை மட்டுமின்றி மாதக்கணக்கில் அதையே கூறுகின்றார் என்றால் மருத்துவரைக் காணலாம். அப்போதும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறை, நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு மருந்தை முதலில் வைக்கவில்லை. பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியையே முதலில் வைக்கின்றது. எப்படிச் சுருக்கமாகக் கட்டளையிடுவது, நல்ல செயலை உடனுக்குடன் எப்படிப் பாராட்டுவது, தண்டனையை எவ்வாறு குறைப்பது என்பன அப்பயிற்சியில் அடங்கும். குழந்தைக்கு மருந்து கேட்டுப் போன இடத்தில் பெற்றோருக்குப் பாடம் சொல்கின்றார்களே என்று சினம் கொள்ள வேண்டியதில்லை.

தொடக்கப் பள்ளிப் பருவம்

ஏ.டி.எச்.டி. மிகுதியாகக் கண்டறியப்படுவது ஆறு முதல் பதினொன்று வரையிலான வயதில்தான். நம் தமிழ்நாட்டிலேயே இது பற்றிக் குறிப்பிடத்தக்க ஆய்வு ஒன்று நடந்துள்ளது. கோயம்புத்தூர் மாவட்டத்தில் நான்கு பள்ளிகளில் பயின்ற, ஆறு முதல் பதினொரு வயது வரையிலான 770 சிறுவர் சிறுமியரை ஆராய்ந்து, அதன் முடிவுகளை 2013-இல் இந்திய மனநல மருத்துவ இதழில் வெளியிட்டனர். பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பிய வினாத்தாள்களைக் கொண்டு கணக்கிட்டதில், 11.32 விழுக்காட்டுப் பிள்ளைகளிடம் இக்கோளாறு காணப்பட்டது. உலக அளவில் செய்யப்பட்ட தொகுப்பாய்வுகள் கூறும் அளவு ஐந்து விழுக்காட்டை ஒட்டியது. வினாத்தாள் வழியே எடுக்கும் கணக்கு, ஒவ்வொரு பிள்ளையையும் மருத்துவர் நேரில் ஆராய்ந்து கூறும் முடிவைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும் என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

எங்கள் கருத்தைக் கவர்ந்தது வேறொரு செய்தி. கோவை ஆய்வில் இக்கோளாறு மிகுதியாகக் காணப்பட்டது ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளிடமே. ஏன் அந்த வயது? நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் என்ன நடக்கின்றது என்று எண்ணிப் பார்த்தால் ஒருவாறு விளங்குகின்றது. மூன்றாம் வகுப்பு வரை ஆசிரியை கரும்பலகையில் எழுதுவதைப் பார்த்து எழுதினால் போதும். அதன்பின் பிள்ளையே பத்தியைப் படித்து, விடையைத் தேடி, ஒழுங்குபடுத்தி எழுத வேண்டும். வீட்டுப்பாடம் நான்கு பாடங்களில் வரும். எந்த நோட்டு எந்த நாளுக்கு என்பதைத் தானே நினைவில் வைக்க வேண்டும். பிள்ளை மாறவில்லை, அதன்மேல் ஏற்றப்பட்ட சுமை மாறிவிட்டது. இது எங்கள் விளக்கமே. ஆயினும் ஆசிரியப் பணியில் இருப்போர் பலரும் இதை ஒப்புவர் என நம்புகின்றோம்.

அதே ஆய்வில் எளிய குடும்பத்துப் பிள்ளைகளிடையே 16.33 விழுக்காடும், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளிடையே 6.84 விழுக்காடும் காணப்பட்டன. எனவே, செல்வம் தந்த செல்லத்தால் வருவது இக்கோளாறு என்று கூறுவோரின் கூற்றுக்கு இங்கு ஆதாரமில்லை.

வகுப்பில் யார் இளையவர்?

ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குள்ளும் வயது வேறுபாடு உண்டு. இதைப் பெற்றோர் மட்டுமின்றி ஆசிரியர்களும் மறந்துவிடுகின்றோம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் முடிவு வெளியிட்டனர். அங்குப் பள்ளிச் சேர்க்கைக்குரிய எல்லை டிசம்பர் 31. ஆகவே சனவரியில் பிறந்தவர் வகுப்பில் மூத்தவர்; டிசம்பரில் பிறந்தவர் இளையவர். சனவரியில் பிறந்த சிறுவரைவிட டிசம்பரில் பிறந்த சிறுவருக்கு ஏ.டி.எச்.டி. எனக் கூறப்படும் வாய்ப்பு 30 விழுக்காடு கூடுதலாக இருந்தது. சிறுமியருக்கோ அது 70 விழுக்காடு கூடுதல்! பிறந்த மாதம் மூளையைக் கெடுக்காது. ஏறத்தாழ ஓராண்டு இளைய பிள்ளை, தன்னைவிட மூத்த பிள்ளைகளுக்கு நடுவே அமர்ந்து, அவர்களைப் போல அடங்கியிருக்க இயலாமல் நெளிகின்றது. அந்த இளமையையே பலர் நோயென்று எண்ணிவிட்டனர். அமெரிக்காவில் செய்யப்பட்டு 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வும் இதையே காட்டியது. செப்டம்பர் முதல் நாளை எல்லையாகக் கொண்ட மாநிலங்களில், செப்டம்பரில் பிறந்தவரைவிட ஆகஸ்டில் பிறந்தவரிடம் ஏ.டி.எச்.டி. கண்டறியப்பட்ட விகிதம் 34 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

நம் இந்தியப் பள்ளிகளில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகின்றது. எல்லைத் தேதிக்குச் சில நாள் முன்பு வயது நிறைந்த பிள்ளைதான் நம் வகுப்பின் கடைக்குட்டி. "ஓர் ஆண்டு வீணாகக் கூடாது" என்று எப்படியோ ஓராண்டு முன்னதாகச் சேர்த்துவிடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அப்பிள்ளை பின்னாளில் படும் பாட்டை ஓராண்டு மிச்சம் ஈடுசெய்யுமா என்று எங்களுக்குத் தோன்றவில்லை. தமிழ் வகுப்பில் நிலைமை இன்னும் சிக்கலானது. இங்கு எழுத்தறிவைக் கொண்டு பிரிப்பதால், ஏழு வயதும் பதினொரு வயதும் ஒரே பாயில் அமர்வதுண்டு. பிள்ளை அடங்கவில்லை என்று பெற்றோரை அழைத்துச் சொல்லுமுன், ஆசிரியர் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து பிறந்த தேதியைப் பார்த்துவிடுவது நலம்.

ஓசையில்லாத பிள்ளைகள்

சிறு வயதில் சிறுமியரைவிடச் சிறுவரிடமே இக்கோளாறு மிகுதியாகக் கண்டறியப்படுகின்றது. பெரியவர்களிடையே அந்த வேறுபாடு பெரிதும் குறைந்துவிடுகின்றது. பல சிறுமியர் கண்ணில் படாமலே வளர்ந்துவிடுகின்றனர் என்பது இதற்குக் கூறப்படும் முக்கிய விளக்கம். சன்னலோரம் அமர்ந்து, யாருக்கும் தொந்தரவின்றி, பாடத்தை மட்டும் கேளாதிருக்கும் சிறுமியைப் பற்றி எந்த ஆசிரியரும் புகார் எழுதுவதில்லை. "நல்ல பெண், கொஞ்சம் மந்தம்" என்று மதிப்பெண் அட்டையில் எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகின்றோம். அந்தச் சொல் அப்பெண்ணோடு பல ஆண்டுகள் கூடவே வரும்.

மாணவச் செல்வங்களுக்கு இங்கே ஒரு சொல். உங்கள் வகுப்பில் அடிக்கடி பென்சில் தொலைப்பவனும், நடுவில் குறுக்கிட்டுப் பேசுபவளும் வேண்டுமென்றே அப்படிச் செய்வதாக நினைக்காதீர்கள். உங்களில் யாருக்கேனும் அத்தகைய தொல்லை இருக்குமானால், அதற்காக நாணவும் வேண்டாம். ஒரு பக்கத்தை மூன்று முறை படித்தும் என்ன படித்தோம் என்று தெரியவில்லையா? அதை அம்மாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். "சோம்பேறி" என்ற பட்டத்தை நீங்களே உங்களுக்குச் சூட்டிக்கொள்ளாதீர்கள்.

வளரிளம் பருவம்

பதின்மூன்று வயதுக்குமேல் ஓட்டமும் தாவலும் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. "பார்த்தீர்களா, வளர்ந்ததும் சரியாகிவிட்டது" என்று வீட்டார் மகிழ்வது அப்போதுதான். உண்மையில் வெளியே தெரிந்த ஓட்டம் உள்ளே போயிருக்கும். உடல் அமர்ந்திருக்கும், மனம் அமராது. கால் மட்டும் மேசைக்கடியில் ஆடிக்கொண்டிருக்கும். மறதி, கடைசி நேர ஓட்டம், பாதியில் நிற்கும் வேலைகள், சட்டென்று பொங்கும் சினம் ஆகியன முன்னே வரும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின்போது இவை முழு உருவம் கொள்ளும்.

அமெரிக்காவில் மூளைப் படங்களைக் கொண்டு செய்யப்பட்டு, 2007-இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே பயன் தருவது. ஏ.டி.எச்.டி. உள்ள 223 பிள்ளைகளையும் இல்லாத 223 பிள்ளைகளையும் ஒப்பிட்டபோது, மூளைப் புறணி தன் முழுத் தடிமனை எட்டும் வயது பின்னவர்க்கு ஏறத்தாழ ஏழரையாகவும், முன்னவர்க்குப் பத்தரையாகவும் இருந்தது. வளர்ச்சி நடைபெற்ற ஒழுங்கு இரு சாராரிடமும் ஒத்திருந்தது. ஏறத்தாழ மூன்றாண்டு காலத் தாமதமே வேறுபாடு. பதினான்கு வயது மகனிடம் பதினான்கு வயதுக்குரிய பொறுப்பை எதிர்பார்த்து நாள்தோறும் ஏமாறும் தந்தை, இந்தக் கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். இது பல பிள்ளைகளின் சராசரி என்பதையும், தனியொரு பிள்ளைக்கு மூளைப் படம் எடுத்து நோயை உறுதி செய்ய இயலாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகின்றோம்.

வளைகுடாவாழ் குடும்பங்களுக்கே உரிய ஓர் இடர் இதற்கடுத்து வருகின்றது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தாய் எழுப்பிவிட்டாள். பையை அடுக்கித் தந்தாள். தேர்வு நாளை நாள்காட்டியில் வட்டமிட்டாள். பள்ளிப் பேருந்து வாசலுக்கே வந்தது. பிறகு மகனையோ மகளையோ சென்னைக்கோ திருச்சிக்கோ கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டுப் பெற்றோர் திரும்பி விமானம் ஏறுகின்றனர். அதுவரை தாங்கிப் பிடித்த தூண்கள் அனைத்தும் ஒரே வாரத்தில் அகன்றுவிடுகின்றன. பள்ளியில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளை முதல் பருவத் தேர்வில் மூன்று தாள்களில் தோற்றுவிட்டால், வீட்டார் தீய சகவாசம் என்றே முதலில் ஐயுறுகின்றனர். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தாயின் கைத்தாங்கலில் மறைந்திருந்த கவனக்குறைவு அப்போதுதான் வெளிப்பட்டிருக்கவும் கூடும். இத்தகைய பிள்ளையைச் சேர்க்கும்போது, வாரம் இருமுறையேனும் அருகிருந்து பார்த்துக்கொள்ளும் சித்தப்பாவோ அத்தையோ உள்ள ஊராகத் தேர்ந்தெடுப்பது, பெரிய பெயர் பெற்ற கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதைவிட மேலானது.

பெரியவர்கள்

பிள்ளைக்காக வினாத்தாளை நிரப்பும் தந்தை பாதியில் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இது என்னைப் பற்றியல்லவா கேட்கின்றது" என்று நினைப்பது அரிதன்று. இரட்டையர்களைக் கொண்டு செய்த ஆய்வுகள், இக்கோளாற்றில் பரம்பரையின் பங்கை 74 விழுக்காட்டளவில் மதிப்பிடுகின்றன. பெரியவர்களிடம் இது வேறு உருவில் நிற்கும்: இக்காமா அட்டையை அடிக்கடி தேடுதல், கட்டணத்தின் கடைசி நாளைத் தவறவிடுதல், கூட்டத்தில் அமர்ந்திருக்க இயலாமை, பிறர் பேச்சை முடிக்க விடாமை, எண்ணிப் பாராமல் வேலையை உதறுதல். ஆனால் முப்பத்தைந்து வயதில் திடீரென்று தோன்றும் மறதியை இக்கணக்கில் சேர்க்க இயலாது. அதற்கு உறக்கக் குறைவோ மனச்சோர்வோ தைராய்டுக் குறையோ காரணமாகலாம். ஏ.டி.எச்.டி. எனச் சொல்ல, பன்னிரண்டு வயதுக்கு முன்பே அதன் தடம் இருந்திருக்க வேண்டும். ஆகவேதான் மருத்துவர் பழைய மதிப்பெண் அட்டைகளைக் கேட்கின்றார். ஊர் வீட்டுப் பரணில் தகரப் பெட்டிக்குள் கிடக்கும் மூன்றாம் வகுப்பு அட்டையும், அதில் ஆசிரியர் எழுதிய ஒரு வரியும், பாட்டி நினைவுகூரும் கதைகளும் இங்கே மருத்துவச் சான்றுகளாகின்றன.

வளர்ந்தால் போய்விடுமா என்ற கேள்விக்கும் இன்று ஓரளவு விடை உண்டு. அமெரிக்காவில் ஏழு முதல் ஒன்பது வயது வரையிலான 579 பிள்ளைகளைக் கொண்டு தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்றின் முதல் முடிவுகள் 1999-இல் வெளிவந்தன. அப்பிள்ளைகளை ஏறத்தாழ இருபத்தைந்து வயது வரை தொடர்ந்து கவனித்து, 2022-இல் மற்றொரு கட்டுரை வெளியிட்டனர். முற்றிலும் நீங்கி அப்படியே நிலைத்தவர் பத்தில் ஒருவர் அளவே. மூன்றில் இருவர் அளவினருக்கு அறிகுறிகள் சில ஆண்டுகள் தணிந்தும், சில ஆண்டுகள் மீண்டும் எழுந்தும் வந்தன. ஒருமுறை தணிந்துவிட்டது என்பதற்காக ஆவணங்களைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது என்று இதனால் அறிகின்றோம்.

மயக்கம் தரும் பிற காரணங்கள்

கவனமின்மைக்கெல்லாம் ஏ.டி.எச்.டி. காரணமாகிவிடாது. காது சரியாகக் கேளாத பிள்ளையும், கரும்பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளையும் கவனமற்றவராகவே தோன்றுவர். இரத்தச் சோகையும் கவனத்தைக் குலைக்கும். உறக்கத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இந்நகரில் கடைத்தெரு இரவில்தான் விழிக்கின்றது. நம் பிள்ளைகளும் நள்ளிரவு கடந்து உறங்கி விடியலில் பள்ளிப் பேருந்துக்கு எழுகின்றனர். ரமளான் மாதத்தில் இரவும் பகலும் இடம் மாறிவிடுகின்றன. ஒழுங்காக உறங்கச் செய்து ஒரு மாதம் பார்த்த பின்னரும் நிலைமை மாறவில்லையெனில் ஐயுறலாம். தந்தை இங்கும் தாய் ஊரிலும் என்று பிரிந்து வாழும் குடும்பத்தில், பிள்ளையின் மனம் பாடத்தில் நில்லாமைக்கு வேறு பொருள் உண்டு.

இனி மொழி. வார நாள்களில் ஆங்கிலம், இரண்டாம் மொழியாக இந்தி, கூடவே அரபி, வீட்டில் தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சு என்று வளரும் பிள்ளை, விடுமுறை நாளில் நம் தமிழ் வகுப்பில் வந்து அமர்கின்றது. மற்ற எல்லா வகுப்புகளிலும் நன்றாகக் கவனித்து, தமிழ் வகுப்பில் மட்டும் நெளிகின்றது என்றால், இரு இடங்கள் என்ற விதி அங்கே நிறைவு பெறவில்லை. மருத்துவரைத் தேடுவதற்குமுன் நாம் நடத்தும் பாடத்தைப் பார்க்க வேண்டும். பொருள் விளங்காத செய்யுளை நாற்பது நிமிடம் கேட்டுக்கொண்டிருக்க எந்த எட்டு வயதாலும் ஆகாது.

கண்டறிதலும் விடுமுறையும்

இரத்தப் பரிசோதனையாலோ ஊடுகதிர்ப் படத்தாலோ இதைக் கண்டறிய இயலாது. பெற்றோர், ஆசிரியர், பிள்ளை ஆகிய மூவரிடமும் கேட்டறிந்து, நேரில் கவனித்து, பிற காரணங்களை விலக்கிய பிறகே பயிற்சி பெற்ற மனநல மருத்துவரோ, குழந்தை வளர்ச்சி மருத்துவரோ, மருத்துவ உளவியலாளரோ முடிவு சொல்வர். காய்ச்சலுக்கு ஓடும் பாலிகிளினிக்கில் ஐந்து நிமிடத்தில் முடியும் வேலையன்று இது. சவூதி அரேபியாவில் இதற்கென்றே இஷ்ராக் என்ற பெயரில் சவூதி ஏ.டி.எச்.டி. சங்கம் இயங்குகின்றது. பிரிட்டனின் 2018-ஆம் ஆண்டு நெறிமுறையைத் தழுவி, இந்நாட்டுக்கேற்ற மருத்துவ நெறிமுறையை அது 2020-இல் வெளியிட்டது. சிறுவர், பெரியவர் இரு சாராருக்கும் உரிய வழிகள் அதில் உள்ளன.

நம்மில் பலர் கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அங்கே மருத்துவரிடம் காட்டுகின்றனர். மொழி ஒன்றாயிருப்பதால் அது நல்லதே. ஆனால் அங்கே மருத்துவர் முதலில் கேட்பது ஆசிரியரின் அறிக்கையை. பள்ளி அப்போது மூடியிருக்கும். ஆசிரியை கேரளத்திலோ ஐதராபாத்திலோ இருப்பார். பாதிச் சான்றோடு பாதி முடிவு கிடைத்துத் திரும்ப வேண்டியதாகின்றது. ஆகவே பள்ளி மூடுமுன்பே, வகுப்பாசிரியரிடம் இரண்டு பக்கமாவது எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எத்தனை நிமிடம் அமர்கின்றான், எந்தப் பாடத்தில் தடுமாறுகின்றான், நண்பர்களோடு எப்படிப் பழகுகின்றான் என்று குறிப்பாக எழுதச் சொல்லுங்கள். "சேட்டைக்காரன்" என்ற ஒற்றைச் சொல்லால் பயனில்லை. சில நோட்டுப் புத்தகங்களையும் பெட்டியில் எடுத்து வையுங்கள்.

இந்தியாவில் 2016-இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகின்றது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு அதில் உண்டு, ஏ.டி.எச்.டி. தனியாக இடம்பெறவில்லை. இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருப்பது அடிக்கடி காணப்படுவது. எனவே சி.பி.எஸ்.இ. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகையை நாடும் பெற்றோர், கற்றல் குறைபாட்டுக்கான சோதனையையும் தனியே செய்துகொள்ளல் வேண்டும்.

மருந்தைப் பற்றி ஒன்று. ஆறு வயதுக்குமேல், தேவையானவர்க்கு மருத்துவர்கள் பெரிதும் எழுதித் தருவது மெத்தில்ஃபெனிடேட். 1944-இல் சுவிட்சர்லாந்தில் உருவாக்கப்பட்ட இம்மருந்து, ரிட்டாலின் என்ற பெயரில் பரவலாக அறியப்பட்டது. பசியையும் உறக்கத்தையும் குறைக்கக்கூடும் என்பதால் எடையையும் உயரத்தையும் மருத்துவர் இடையிடையே அளந்து பார்ப்பார். இந்தியாவிலும் சவூதியிலும் இது கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து. ஊரில் வாங்கிய மாத்திரைகளை ஊறுகாய்ப் பொட்டலத்தோடு பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட முடியாது. பிறர் பிள்ளைக்காக வாங்கி வருவது அதனினும் ஆபத்து. மருத்துவர் பெயரும் மருந்தின் அளவும் தெளிவாக உள்ள சீட்டு, நோய் பற்றிய ஆங்கில அறிக்கை, சவூதி உணவு மருந்து ஆணையத்தின் முன் அனுமதி ஆகியவற்றை ஆயத்தம் செய்துகொண்டே பயணப்பட வேண்டும். மருந்தை மாத்திரை உறையிலிருந்து பிரிக்காமல் கைப்பையில் வைத்திருங்கள். அனுமதிக்கு நாள் பிடிக்கும். பயணச்சீட்டு எடுக்கும் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடலாம்.